விசாவுக்காகத் தட்டு மாற்றினோம்

முதல் தடவை எனக்கு விசா கிடைக்காமல் போனது உண்மையைச் சொன்னதால்தான். இதை இன்றைக்கும் யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. நேர்காணலுக்கு அப்போதெல்லாம் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குத்தான் ஓட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், படிப்பு முடிந்ததும் ஏன் திரும்பி வருவாய் என்று கேட்டார். அப்பா ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், சொந்த வீடு கிடையாது, எங்கே போவோம் என்று எங்களுக்கே தெரியாது என்று கேட்டதற்கு மேலேயே ஒப்பித்தேன். அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். சொந்த நாட்டோடு உன்னைப் பிணைத்து வைக்க ஒன்றும் இல்லை, ஆகவே விசா இல்லை என்பது அதன் சாரம்.

நான் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை அதற்குள் விட்டிருந்தேன். அம்மா டவுன்ஷிப் முழுக்க மைசூர்பாகு கொடுத்து முடித்திருந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களெல்லாம் அப்பாவைப் பார்த்து, "பாப்பாவுக்கு ஃப்ளைட் எப்போ சார்?" என்று கேட்டார்கள். மாலை நாலரை மணிக்கு அந்த பஸ்கள் வரும் சத்தம் கேட்டால் நான் முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். மே மாத வெயிலில் அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டும். ஆகஸ்டில் கல்லூரி திறந்துவிடும். அதற்குள் கிடைக்காவிட்டால் சீட்டும் போச்சு, வேலையும் போச்சு.

அமீர்பேட்டில் ஒரு கன்சல்டன்சிக்காரரிடம் அம்மாவும் நானும் போனோம். அவர் என் ஃபைலைப் புரட்டிவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: கல்யாணம் ஆகாத பெண், வீடு இல்லை, வேலை இல்லை, எதை நம்பி விசா கொடுப்பான்? ஒரு நிச்சயதார்த்த போட்டோவாவது வையுங்கள், மாப்பிள்ளை இந்த ஊரில் வேலை பார்ப்பவராக இருக்கட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவிழ்த்து விடுவார்களாம், இது எந்த ஊர் நியாயம்!

அம்மாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, உங்க அத்தான் இருக்கான்லா?"

அத்தான் என்றால் அம்மாவின் அண்ணன் மகன். மாமாவும் அவரும் சனத்நகரில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வழக்கப்படி எனக்கு அவர் கட்டிக்கொள்ளும் முறை. அவர் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. அப்படி ஒரு நினைப்பும் இல்லை.

"போட்டோவுக்கு மட்டும்தான். விசா வந்ததும் கல்யாணம் இல்லைன்னு சொல்லிடணும். மாமாகிட்டே முதல்லயே அதைச் சொல்லிடு" என்றேன்.

"சொல்லாம இருப்பனா? இப்ப தட்டை மாத்துவோம், மத்ததைப் பொறவு பாத்துக்கிடலாம்."

என் அம்மா கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அது எனக்குத் தெரியும். நாலு சொந்தக்காரர் முன்னால் வெற்றிலைத் தட்டு மாற்றிவிட்டால் எங்களில் அது பாதிக் கல்யாணம் என்பதும் தெரியும். தெரிந்தும், மாமா வீட்டு ஹாலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நானேதான்.

அடுத்த நேர்காணல் ஜூன் மூன்றாவது வாரம். துணைக்கு அத்தான் வந்தார். காலையில் சென்னை ஸ்டேஷனில் இறங்கிக் காபி குடிக்கும்போது சொன்னார்:

"நானும் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணிட்டேன். நீ முதல்ல போயி செட்டில் ஆகு. நான் பின்னாடி வரேன். டென்ஷன் நக்கோ, கவலையே படாதே, இந்தத் தடவை கிடைச்சிடும்."

போட்டோவுக்கு மட்டும்தான் என்று அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நானாவது அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நேர்காணல், ஃபைலுக்குள் எங்கள் போட்டோ. முடித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை ஜன்னலில் இருந்தவர் ஒரு இளைஞர். எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், யார் செலவு செய்கிறார்கள். மூன்றே கேள்விதான். ஃபைலை ஜன்னலுக்குக் கீழே தள்ளப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். விசா கொடுத்தாயிற்று, போகலாம் என்றார். அவ்வளவுதான்! போட்டோவும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. சந்தோஷப்படுவதா, அங்கேயே தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

உள்ளே பையோ செல்போனோ கொண்டுபோகக் கூடாது. என்னுடையதை வாங்கிக்கொண்டு அத்தான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மூன்று மணி நேரமாக நின்றிருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. காலையில் சாப்பிடக்கூட இல்லை, நான் வரும்போது அங்கே இருக்க வேண்டும் என்று.

"கிடைச்சிடுச்சு அத்தான்."

"ஹவ்வா, நிஜமாவா?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிறவர் போலக் கேட்டார்: "நம்ம போட்டோவைப் பாத்தாங்களா?"

இப்போதுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மிச்சத்தையும் சொல்லிவிடலாம். அவர் என் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பாவமாக இருந்தது. வெறும் பாவம்தான், வேறு ஒன்றும் இல்லை.

"பாத்தாங்க. பாத்துட்டுதான் கொடுத்தாங்க" என்றேன்.

அடுத்த நிமிஷமே போனை எடுத்துவிட்டார். "அப்பா, கிடைச்சிடுச்சு! எங்க போட்டோவைப் பாத்துதான் கொடுத்தாங்களாம்! ஆமாப்பா, அவளே சொன்னா!" என்று ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

மாமா அழுதுகொண்டிருந்தார். "நம்ம வீட்டுப் பையனால உனக்கு ஒரு நல்லது நடந்திருக்கேம்மா, அது போதும் எனக்கு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆடி பொறக்கதுக்கு முன்னால ஒரு முகூர்த்தம் இருக்கு. முடிச்சே அனுப்பிருவோம்னு உங்கம்மாவும் சொல்லுதா. உனக்குச் சம்மதந்தானம்மா?" என்று கேட்டார்.

அத்தான் எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி மாமா" என்றேன்.