ஐஸ் அறையில் அப்பா வைத்த விதைகள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றுடன் ஓராண்டு நிறைகிறது. அவருக்காக வந்திருக்கும் உங்கள் கையில், மகளாகிய நான் இந்த நினைவு மலரைத் தருகிறேன்.

இலங்கை மலையகத்தில், இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அப்பா பிறந்தார். பன்னிரண்டு வயதில் பெற்றோரை இழந்தார். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, பின்னர் தோட்டத் துரையின் பங்களாவில் தோட்டக்காரரானார்.

எங்கள் மலையில் மழை தொடங்கினால் விதை தங்காது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். பங்களாவுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி வந்தபோது, அதன் ஐஸ் அறையில் விதை வைக்க அப்பா ஒரு ஓரம் கேட்டார். துரைசாணி சம்மதித்தார். லயத்து எட்டு வீட்டாரும் தங்கள் போஞ்சி அவரை விதையை அப்பாவை நம்பிக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் ஒன்றுகூட முளைக்கவில்லை.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு முத்தம்மா அத்தையின் வாசலில் போய் நின்றார்.

“ஒங்க வெதையெல்லாம் கொன்னுட்டேன் தங்கச்சி. எங்க பாத்தியில வெளையிற மத்த காயெல்லாம் எடுத்துக்கங்க.”

“வேணும்னேவா செஞ்சீங்க? அடுத்த தடவையும் ஒங்ககிட்டத்தாண்ணே குடுப்பேன்” என்றார் அத்தை.

காரணத்தைக் காட்டியவர் பங்களாவில் சமைத்த அப்பு. ஐஸ் அறையில் மறந்து வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வெடித்துக் கிடந்தது. “தண்ணி ஒறைஞ்சா போத்தலே தாங்கல. ஈர வெதை தாங்குமா?” என்றார். அதன்பின் அப்பா, பல்லில் கடித்தால் உடையும்வரை விதையைக் காயவைத்தார். அதைப் போத்தலில் போட்டு, வாயை மெழுகால் அடைத்தார். வெளியே எடுத்தால் குளிர் முழுதும் விடும்வரை திறக்கமாட்டார். பிறகு எந்த வீட்டுப் பாத்தியும் வெறுமையாகக் கிடக்கவில்லை.

அம்மா காய்ச்சலில் இறந்த வருடம், அம்மா கடைசியாகப் பறித்த போஞ்சியின் விதையை அப்பா தனிப் போத்தலில் போட்டு வைத்தார். யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் ஊன்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆறு வருடம் அது பங்களாவின் ஐஸ் அறையிலேயே இருந்தது.

சென்ற ஆண்டு நெஞ்சுச் சளி முற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது என்னை அருகில் அழைத்தார்.

“அம்மா வெதை பங்களாவுல இருக்குது. மனசு வராம வச்சுக்கிட்டே இருந்துட்டேன். நீ போட்டுரும்மா.”

“நீங்க எந்திரிச்சு வந்து போடுங்கப்பா” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை கண் மூடினார்.

அப்பாவைக் கம்பளியில் கிடத்தி, மழையில் வழுக்கும் படிகளில் தோட்டத்து ஆஸ்பத்திரிவரை சுமந்த லயத்து ஆண்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட முத்தம்மா அத்தைக்கும், அம்மா விதை இருந்த போத்தலைப் பங்களாவிலிருந்து துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த அப்புவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பதினொரு விதையில் நான்கு முளைத்தன. கொடியேறக் கம்பு ஊன்றித் தந்தவர்கள் நீங்கள்தான். இன்றைய படையலில் இருக்கும் போஞ்சி அந்தக் கொடிகளில் பறித்தது. அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போங்கள்.