ஷங்காய்ப் பூங்காவில் என் மகளின் வயது

சீனாவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். வீடு வந்து ஒரு கிழமை ஆகிறது. மனைவி பவானி இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. மகள் போனை எடுப்பதில்லை.

கனடாவில், எங்கள் ஸ்காபரோவில், என்னைக் காண்கிறவர்கள் எல்லாம் "என்னண்ணை, சீனப் பெருஞ்சுவர் எப்பிடி?" என்று கேட்கிறார்கள். நீளமாக இருக்கிறது என்கிறேன். வேறு என்ன சொல்ல?

எங்களைச் சீனாவுக்கு அனுப்பியதே மகள் ஆரணிதான். முப்பத்தெட்டு வயது. மிசிசாகாவில் பார்மசிஸ்ட். சொந்தமாக ஒரு கொண்டோ வீடு, சொந்தமாக ஒரு கார். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. இதை நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை... அவளைக் காண்கிற ஒவ்வொரு அன்ரியும் முதலில் கேட்பது அதைத்தானே?

அதனால் கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். இப்போது ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதும் குறைந்துவிட்டது. குறையாமல் என்ன செய்யும்? சோற்றைப் போட்ட கையோடு பவானி யாராவது ஒரு பொடியனுடைய கதையை எடுத்துவிடுவாள்.

"அம்மா, ப்ளீஸ். ரெண்டு கிழமை என்ரை கலியாணத்தை மறந்திட்டு எஞ்ஜோய் பண்ணுங்கோ" என்று சொல்லித்தான் டிக்கெட்டைத் தந்தாள். பவானி தலையாட்டினாள். நானும் நம்பினேன்.

போய் இறங்கியதும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அங்கே காசை யாரும் தொடுவதில்லை. தெருவோரம் அவித்த சோளம் விற்கும் பெண்மணிகூடப் போனைத்தான் நீட்டுகிறார். நான் எடுத்துக் கொடுத்த நூறு யுவான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். சோளம் கிடைக்கவில்லை.

சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கேட்டால் கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள் — வேர்த்து ஒழுகும் வெயிலில்! தெருவில் இறங்கினால் சத்தமே இல்லாமல் ஸ்கூட்டர்கள் பாய்ந்து வருகின்றன. நடைபாதை என்று நினைத்து ஏறி நின்றால் அங்கேயும் வருகின்றன. நான் உயிரோடு திரும்பியது முன்வினைப் பயன்.

பெருஞ்சுவரில் மூச்சு வாங்க ஏறினோம். மலைக்கு மேல் மலையாக அது போய்க்கொண்டே இருந்தது. படம் எடுக்கப் போனை உயர்த்தினேன். பவானி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சரப்பா, அந்த வோபர்ன் பக்கத்துப் பொடியன்ரை சாதகம் வந்ததோ?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரும் பக்கத்திலேயே இருந்தது.

ஷங்காய்க்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சுற்றுலா வழிகாட்டி, லில்லி என்று தன்னை அழைக்கச் சொன்ன சீனப் பெண், நகர் நடுவில் ஒரு பூங்காவில் எங்களை விட்டாள். உள்ளே பாதையின் இரண்டு பக்கமும் விரித்த குடைகள் தரையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தாள். பின்னால் மடக்கு நாற்காலி போட்டு வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம் வருகிறதாக்கும், மலிவு விற்பனை என்று நினைத்து ஒரு குடையின் விலையைக் கேட்டேன்.

லில்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அது குடைச் சந்தை இல்லையாம். கல்யாணச் சந்தையாம். தாளில் இருப்பது பிள்ளையின் வயது, உயரம், படிப்பு, சம்பளம், வீடு. நாற்காலியில் இருப்பது பெற்றோர். பிள்ளைகள் வரவே மாட்டார்களாம்.

பவானியின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், எங்கள் சுற்றுலா முடிந்தது என்று விளங்கிவிட்டது.

"பவானி, வாரும் போவம்."

"சும்மா இருங்கோ. கதைச்சால் என்ன குறைஞ்சே போவம்?"

பேசினால் சீனத்தில் சொல்லும் ஆப் ஒன்றை ஆரணிதான் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள், வழி கேட்பதற்காக. பவானி ஒரு குடைக்கு முன்னால் குந்தி, ஆரணியின் படத்தைக் காட்டி, "என்ரை மகள். கனடா. மருந்துக்குப் படிச்சவள்" என்றாள். குடைக்காரத் தாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்துக் குடைகளில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். கனடா என்றதும் எல்லோர் முகத்திலும் பிரகாசம். பிறந்த வருடத்துக்கு என்ன விலங்கு என்று ஒருவர் கேட்டார்.

"பாருங்கோவன், இவையும் சாதகம் பாக்கினம்!" பவானிக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்தப் பயணம் முழுவதும் அவள் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

பிறகு வயதைக் கேட்டார்கள். ஸ்காபரோவில் வழக்கமாகக் குறைக்கும் இரண்டு வயதை அங்கேயும் குறைத்துச் சொன்னாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குடைக்குத் திரும்பினார்கள். முதல் தாய் மட்டும் போனைத் திருப்பிக் கொடுத்தபடி ஏதோ சொன்னார். போன் அதை நல்ல தெளிவான தமிழில் வாசித்தது: "வயது மிகவும் அதிகம். மன்னிக்கவும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மகனுக்கு என்ன வயது என்று போனில் கேட்டேன். "நாற்பத்தொன்று" என்றது போன். நாற்பத்தொன்றாம்! அடுத்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அந்த யாழ்ப்பாணச் சொற்கள் போனுக்கு விளங்கவில்லை.

பவானி பூப்பாத்திக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல் அல்ல, நன்றாகவே அழுதாள். "இவ்வளவு பெரிய ஊரிலையும் என்ரை பிள்ளைக்கு ஒருத்தன் இல்லையாமே... நாங்கள் கண்ணை மூடினால் அவளுக்கு ஆரப்பா?"

இரவில் எனக்கும் அதே கேள்விதான். பகலில் மட்டும் பகிடி விட்டுச் சமாளிக்கிறேன்.

அந்தச் சீனத் தாய் எழுந்து வந்து, பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிப் பவானியின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். என்ன சொல்கிறார் என்று பார்க்கப் போனை நீட்டினேன். "எட்டு வருடமாக வருகிறேன். மகன் என்னுடன் பேசுவதில்லை." பவானி தண்ணீரைக் குடித்தாள். மற்றதைக் கேட்டாளோ தெரியாது.

டொராண்டோவில் எங்களை ஏற்ற ஆரணி வந்திருந்தாள். கட்டிப்பிடித்தாள். பெட்டிகளைத் தானே தூக்கிக் காரில் வைத்தாள். நெடுஞ்சாலையில் ஏறியதும், "சோ, சைனா எப்பிடி? ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்றாள். பிள்ளையின் குரலில் அவ்வளவு ஆசை.

நான் பவானியின் கையை அழுத்தினேன். கண்ணைக் காட்டினேன். கடவுளையும் கூப்பிட்டேன். பவானி வாயைத் திறந்தாள்.

"நல்ல நாடு பிள்ளை. ஒரு பார்க்கிலை உன்ரை படத்தைக் காட்டினனான். எல்லாருக்கும் பிடிச்சது. வயதுதான் கூடவாம்."

நல்ல பகல் வெளிச்சம். காரின் பின்பார்க்கும் கண்ணாடியில் மகளின் முகம் முழுதாகத் தெரிந்தது. கோபப்படுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம்.

வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்று, மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்கையுமா, அம்மா?"