மருந்தையாவுக்கும் எனக்கும் ஒரே இளைப்பு

எனக்கு மூச்சை இழுப்பதில் சிரமம் இல்லை. விடுவதில்தான். இழுத்த காற்று நெஞ்சுக்குள்ளேயே நின்றுகொள்ளும். வெளியே தள்ளினால் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கூடவே வரும். அதை முதலில் கேட்டது என் மனைவிதான்.

"ஏங்க, ஒங்க நெஞ்சுக்குள்ள என்னமோ கத்துது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மலாயாவில், ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்போது எனக்குப் புகைக்கொட்டகை வேலை. உறைந்த பாலை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிய ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டிப் புகையில் காயவைக்க வேண்டும். பகலெல்லாம் அந்தப் புகையில் நின்றுவிட்டு, மூச்சாற வெளியே வந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பேன். அது பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம், பால் வடிய மரப்பட்டையைக் கீறும் வேலை அது. விடியற்காலையில் கித்தாக் காடு என்கிற ரப்பர் மரக்காட்டுக்குள் கொசு அப்பிக்கொள்ளும். வாயில் புகையில்லாமல் ஒரு மரத்தடியில் நிற்க முடியாது. ஆண், பெண் எல்லோருமே புகைத்தார்கள். என் மனைவியும்தான்.

அந்த வருஷங்களில் ரப்பர் விலை விழுந்துவிட்டது. தோட்டம் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தது. வேலை செய்ய முடியாதவனைக் குடும்பத்தோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் எனக்கு நிலமில்லை, வா என்று கூப்பிட ஆளும் இல்லை. அதனால் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், கங்காணி ஆட்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது, இருமல் வெளியே வராமல் துண்டால் வாயை அடைத்துக்கொண்டு நிற்பேன். கண்ணிலிருந்து நீர் வழியும். கங்காணி அடுத்த ஆளிடம் நகர்ந்ததும் துண்டுக்குள்ளேயே மெல்ல இருமிக்கொள்வேன்.

ஒருநாள் பெரட்டிலேயே இருமல் என்னை உட்கார வைத்துவிட்டது. கங்காணி என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எல்லாமாக இருந்தவர் ஒரே ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். டிரெசர் என்பது அவர் உத்தியோகம். நாங்கள் மருந்தையா என்போம். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கால்சட்டையில் கறை ஒன்று படிந்து நான் பார்த்ததில்லை. என் முதுகில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்துக் காறித் துப்பச் சொன்னார். குப்பியை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பதில் வரும்வரை நான் தனித்தட்டில் சாப்பிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். காசம் என்று தெரிந்தவனை ஆற்றோரக் கொட்டகையில் தனியாக வைப்பார்கள். அங்கே போன ஒருவர் வாசலில் உட்கார்ந்து நாங்கள் குடியிருந்த லயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவருக்குச் சோறு கொண்டுபோனவர்கள் தூரத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

பதில் வந்த அன்று மருந்தையா என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குச் சயரோகம் இல்லை. அதுக்குப் பயப்பிடாதை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப இது சரியாயிருமுங்களா ஐயா?"

"இல்லை. நெஞ்சு பழுதாப் போச்சுது. பழுதானது திரும்பாது. இனியும் பழுதாகாமல் பாக்கலாம், அவ்வளவுதான். புகைக்கொட்டகையை விடு, நான் கிராணியாரிட்டைச் சொல்லிறன். சுருட்டையும் விடு."

புகைக்கொட்டகை உடனே விட்டுப்போயிற்று. தோட்டக் கணக்கரான கிராணியார் என்னைப் புல்வெட்டுக்கு மாற்றினார். சுருட்டு போகவில்லை.

மனைவி அன்றே விட்டுவிட்டாள். வீட்டிலிருந்த சுருட்டையெல்லாம் அள்ளிச் சாக்கடையில் போட்டாள். எப்படி விட்டாய் என்று கேட்டேன். "ஒங்களப் பாத்தாலே பயமா இருக்கு. வாயில வைக்கத் தோணல" என்றாள். பயம் அவளுக்கு அப்படி வேலை செய்தது. எனக்கு நேர்மாறாகச் செய்தது. மூச்சு முட்டும்போது பயம் வரும், பயம் வந்ததும் கை மடியைத் தடவும். ஒரு இழுப்பு இழுத்தால் நெஞ்சு படபடப்பு அடங்கியதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் இளைப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அதைக் கண்டு பயந்து இன்னொன்று. காட்டுக்குள் ஒளிந்து புகைத்துவிட்டு, வாயில் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்குப் போவேன். அவள் என் சட்டையை மோந்து பார்ப்பாள். திட்ட மாட்டாள். திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள்.

பக்கத்துத் தோட்டத்தில் நாட்டு மருந்து தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைத்தால் இளைப்பு அடங்கும் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மருந்தும் ஆயிற்று, புகையும் ஆயிற்று. அவர் சொன்னது பொய்யில்லை, முதல் முறை நெஞ்சு உண்மையிலேயே திறந்தது. அதனால்தான் கெட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளைப்பு கடுமையாக வந்தது. ஒன்று போதவில்லை. இன்னொன்று பிடித்தேன். இலை குறைந்ததும், அவர் சொல்லாத வேலையாக ஊமத்தங்காயை உடைத்து விதையையும் தூளாக்கிச் சேர்த்துச் சுருட்டினேன்.

நாக்கு அட்டையாகக் காய்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சுவரிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக இறங்கி என் வாய்க்குள் போவதைப் பார்த்தேன். துப்பினேன், துப்பினேன், போய்க்கொண்டே இருந்தன. எதிரே ஒரு பெண் நின்று என் கையைப் பிடித்தாள். அவள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றோரக் கொட்டகைக்கு இழுத்துப்போக வந்தவள் என்று நினைத்து அவளோடு போராடினேன். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில்லை.

தெளிந்தபோது கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. மனைவியின் கை முழுக்க நகக்கீறல். "என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் ஆள் விட்டுக் கூப்பிட்டதில் மருந்தையா மேட்டில் ஏறி எங்கள் லயத்துக்கே வந்திருந்தார். "உனக்கு விசரோ? கண்மணியைப் பார், காசு மாதிரி விரிஞ்சு கிடக்கு. செத்திருப்பாய்!" என்று கத்தினார். மேலே ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதினார். அந்தச் சின்ன அறையில் அவர் நெஞ்சு கத்துவது எனக்குக் கேட்டது. அதே பூனைக்குட்டிச் சத்தம்.

"ஐயா, ஒங்களுக்குமா?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"ஓம்" என்றார். "உன்னிலும் மோசம் எண்டு பெரிய டாக்குத்தர் சொல்லிப்போட்டார். நான் இன்னும் சிகரெட்டை விடேல்லை. உனக்குச் சொன்னன், எனக்குச் சொல்ல ஏலேல்லை."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. மருந்து தெரிந்தவராலேயே முடியாததை நான் எப்படிச் செய்யப்போகிறேன்?

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர்தான் வரச் சொன்னார். சாப்பிட்ட பிறகு வரும் ஆசைதான் இருவருக்கும் பெரிது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் போதும் என்று ஏற்பாடு. கிராணிமார் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று நான் தரையில் உட்கார்ந்தேன். பெஞ்சில் உட்காரச் சொல்லி அதட்டினார். அதிகம் பேச மாட்டோம். பேசினால் மூச்சு போய்விடும். ஒருநாள் அவராகவே சொன்னார்:

"சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. சாகிற நேரம் மூச்சு முட்டுமே, அதுக்குத்தான்."

"எனக்கும் அதானுங்க ஐயா."

வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. சில வாரம் இருவரும் தாக்குப்பிடித்தோம். இடையில் நான் தவறினால் அவரிடம் சொல்வேன், அவர் தவறினால் என்னிடம் சொல்வார். யாரும் யாரையும் திட்டுவதில்லை.

அந்த வருஷத்து மழை பிடித்ததும் அவருக்குச் சளி கட்டிக்கொண்டது. ஒரு காலையில் வேலைக்காட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மருந்தையா கட்டிலில் படுக்க முடியாமல் குந்தி உட்கார்ந்திருந்தார். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. தோட்டத்து லாரியில் ஷீட்டு மூட்டைகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்து, சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஓட்டியவர் மலாய்க்காரர். "சபார், சபார்" என்று, பொறுத்துக்கொள்ளச் சொல்லி, குழியில் இறங்கும்போதெல்லாம் குரல் கொடுத்தார்.

பாதி வழியில் மருந்தையா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சிகரெட் டப்பியும் தீப்பெட்டியும். ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்தேன். அது உதட்டில் நிற்காமல் ஆடியது.

"பத்த வை" என்றார். குரல் இல்லை, காற்று மட்டும்.

தீக்குச்சியை எடுத்தேன். கிழிக்க முடியவில்லை. நீல உதடு, விரிந்த மூக்கு, கழுத்தில் குழிவிழுந்து எழும் தோல். நாளை நான் உட்காரப்போகும் இடம் அது.

"வேணாங்க ஐயா. ஆஸ்பத்திரி வந்திரும்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கோபமா கெஞ்சலா என்று தெரியாத பார்வை. சிகரெட்டை அவர் வாயிலிருந்து எடுத்துக் கீழே போட்டேன். மலாக்கா போய்ச் சேரும்வரை அவர் என் கையை விடவில்லை.

அங்கே அவரைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் கிராணி சொல்லித்தான் அவர் போய்விட்டார் என்று தெரிந்தது. அவர் கேட்ட கடைசி சிகரெட்டைக் கொடுத்திருக்கலாமோ என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

அந்தச் சாவைப் பார்த்து அன்றே விட்டேன் என்று சொல்ல ஆசை. செய்தி கேட்ட சாயங்காலம் நேராகக் கடைக்குப் போய்ச் சுருட்டு வாங்கி, கடைவாசலிலேயே, யாருக்கும் ஒளிக்காமல் முழுவதும் புகைத்தேன். பிறகு சில நாள் விடுவேன், சில நாள் தோற்பேன். எது கடைசிச் சுருட்டு என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு அது கடைசி என்று நான் நினைத்திருக்க மாட்டேன். மனைவி சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது என்பதை ஒருநாள் கவனித்தேன், அவ்வளவுதான்.

கப்பலேறாமல் தப்பித்தோம். தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்தோம். அவள் பாசார் என்கிற சந்தைப் பக்கத்தில் இட்டிலி சுட்டு விற்கிறாள். நான் உட்கார்ந்தபடி தேங்காய் துருவுவேன், சட்னிக்கு அரைத்துக் கொடுப்பேன். நெஞ்சு தேறவில்லை, மருந்தையா சொன்னது சரி. ஆனால் மேலும் கெடாமல் அதே இடத்தில் நிற்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு அங்கேயே நின்று பற்றவைப்பார்கள். நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். புகை ஒத்துக்கொள்ளாது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், பாவம். ஒன்று கொடுங்கள் என்று கேட்டுவிடுவேனோ என்றுதான் போகிறேன்.