கடைசி மேட்ச்சும் கடைமடைத் தண்ணீரும்

என் வீட்டுக்காரர் கும்பிட்ட சாமி ஒரு விக்கெட் கீப்பர். நாட்டுக்காக ஆடிய பெரிய ஆள். அவர் பெயரை எழுதவும் எனக்கு மனசில்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில்தான் அந்த ஆளும் டீமுக்குள் வந்தார். முதல் மேட்ச்சிலேயே ஒரு கேட்சை நழுவ விட்டார். வீட்டில் இவர் சோறு வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிறகொரு தடவை அந்த ஆள் விரல் உடைந்தும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றாராம். ஒரு வாரம் எங்கள் ஊர் எலப்புள்ளி முழுக்க அதே பேச்சு. வெளிநாட்டில் ஒரு பைனலை ஸ்டம்பிங் செய்து ஜெயித்துக் கொடுத்தபோது கடைவீதியில் ஃப்ளெக்ஸ் கட்டிப் பால் ஊற்றினார்கள். எங்கள் எருமைப் பால், பால் சொசைட்டிக்குப் போக வேண்டியது. அன்று வீட்டில் எல்லோருக்கும் பாலில்லாத கட்டன் சாயா. வழிந்த பாலை ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது. நாய்க்காவது பாலின் அருமை தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆள் மேல் எனக்குக் குறையில்லை. வாங்கின கூலிக்கு ஒழுங்காக வேலை பார்த்தார். எனக்குக் குமட்டியது இவரைப் பார்த்துத்தான். டிவி முன்னால் தொந்தியோடு குந்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வராத பந்தைப் பிடிப்பார். தூ!

எங்கள் வயல் வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருக்கிறது. அணைத் தண்ணீர் கனாலில் முறை வைத்துத்தான் வரும். நம் முறையன்று மடையில் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மேல்வயல்காரர் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அது திருட்டில்லை. போன தையில் கதிர் பால் பிடிக்கும் சமயம் எங்கள் முறை வந்தது. அந்த ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், தவறினால் பதர். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் எனக்கு லீவு கிடைக்கவில்லை.

"ஏனுங்க, மடைய உட்டு நகந்துராதீங்க" என்று காலையில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா புள்ள? நீ போ" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வயலுக்குப் போனேன். மண் வெடித்தபடியே கிடந்தது. மடையில் மேல்வயல்காரர் மம்பட்டியோடு நின்றார்.

"மத்தியானம் வரைக்கும் பாத்தனுங்க. ஆளக் காணோம், அதான் திருப்பிட்டனுங்க" என்றார். அவரை நான் என்ன கேட்க முடியும்?

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம், வயலை நினைத்துத்தான் அழுகிறார் என்று நம்பிவிட்டேன்.

"கடைசி மேட்ச்சு புள்ள. இனி ஆட மாட்டாராம். இத்தன வருசத்துல ஒரு பந்துக்குக்கூடக் கண்ண அங்கிட்டு இங்கிட்டுத் திருப்புனதில்ல அந்த மனுசன்" என்று மூக்கை உறிஞ்சினார்.

அந்த வீட்டில் அன்று எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அடுத்த முறை வருவதற்குள் கதிரெல்லாம் வெளுத்து நின்றுவிட்டது. அறுப்பு மெஷினைக் கூப்பிட வேலையில்லாமல் போயிற்று. எருமைக்குத் தீனியாகட்டும் என்று நாங்களே இறங்கி அறுத்தோம். பாதி வயல் முடிந்திருக்கும். இவர் அரிவாளை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"ஏம்புள்ள, அவரு இப்ப என்ன பண்ணிட்டு இருப்பாரு?"

"அவுங்க ஊட்ல சோறு இருக்கும். தின்னுட்டு இருப்பாரு" என்றேன்.