குளத்து அக்காவின் மண் அணை

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாராவாரம் என் படத்தோடு இந்தப் பத்தி வருகிறதே... அடையாளம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது?

அவர் எழுந்து வந்தார். “பாஸ், நீங்க செமினி குளத்து அக்காவோட தம்பிதானே? அதே மூக்கு.”

ஆமாம் என்றேன்.

“பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிருந்தோம். நீர்நாய் பாத்தோம் லா. அக்காவ விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வருத்தப்பட்டேனா? இல்லை. இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புஷ்பா அக்கா என் உடன்பிறந்தவர். கிள்ளானில் அரசாங்க நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்றதும் குடும்பமே கூடி ஆலோசனை சொன்னது – பூச்சோங்கில் ஒரு காண்டோ வீடு வாங்கு, பக்கத்திலேயே கோயில், கிளினிக், காய்கறி வாங்க பாசார்... அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, செமினி மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலத்தை வாங்கிவிட்டார்.

நிலத்தின் நடுவே ஓர் ஓடை. முன்பு அங்கிருந்தவர் மீன் வளர்ப்பதற்காக அந்த ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி ஓர் அணை கட்டியிருந்தார். இரண்டு ஆள் உயரம் இருக்கும். சிமெண்டு இல்லை, இரும்பு இல்லை. வெறும் மண், அதன் மேல் புல். பின்னால் குளம்.

அக்கா மீன் வளர்க்கவில்லை. வலைகளைக் கழற்றினார், கரையில் நாணலை வளரவிட்டார். பிறகு சும்மா இருந்தார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? ஆளாளுக்கு வந்து “ஆளுங்க வந்து தங்க இங்க ஒரு சாலே போடலாமே, கட்டணம் வச்சு தூண்டில் போடவிடலாமே” என்று சொல்லும்போது, தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சும்மா இருப்பது.

கானாங்கோழி வந்தது. மீன்கொத்தி வந்தது. ஒரு செந்நாரை வந்து, வாடகைக்குக் குடிவந்ததுபோலத் தங்கிவிட்டது.

ஆனால் ஒருவருக்கு மட்டும் அந்தக் குளம் பிடிக்கவில்லை. சேகர். அணைக்குக் கீழே, ஓடையோரம் இருக்கும் சில வீடுகளில் முதல் வீடு அவருடையது. பேக்ஹோ இயந்திரம் வைத்து மண் வேலை எடுப்பவர். அக்காவை எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான்.

“அக்கா, ஒரு நாளைக்கு இது உடையும். உடைஞ்சா மொதல்ல போறது என் வீடு. கொக்குக்கா குளம் வைப்பாங்க?”

அதை வீண் சண்டை என்று சொல்ல முடியாது. தலைக்கு மேலே தண்ணீரை வைத்துக்கொண்டு யாரால் நிம்மதியாக இருக்க முடியும்?

அக்காவும் அப்படித்தான் நினைத்தார். தெரிந்த என்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அணையில் மரம் வளரவிடாதீர்கள், வேர் மண்ணைப் பிளக்கும் என்றார் அவர். கசிவு எந்த அணையிலும் இருக்கும், தெளிவாக வந்தால் பரவாயில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துப் போகிறது என்று அர்த்தம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அக்கா தினமும் காலையில் அணையின் அடியில் போய்க் குனிந்து பார்ப்பார். வார்டில் ரவுண்ட்ஸ் போவதுபோல.

மழைக்காலத்தில் ஒரு வார இறுதி, நான் அங்கே இருந்தேன். மழை என்றால் சாதாரண மழை இல்லை. மலையைக் கழுவி இறக்குகிற மழை. காலையில் குடையோடு போன அக்கா வேகமாகத் திரும்பி வந்தார்.

“தம்பி, கலங்கி வருது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அணையின் அடியில், பால் டீ மாதிரி ஒரு நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மேலே, தண்ணீர் வெளியேறும் குழாயில் கிளைகள் அடைத்துக் கிடந்தன. குளம் விளிம்பை நெருங்கியிருந்தது. அக்கா அதற்குள் போனை எடுத்தார்.

“சேகர், அணையில மண் அரிக்குது. கீழ இருக்கிற எல்லாரையும் மேட்டுக்கு அனுப்பிரு. யாரும் வீட்டுக்குள்ள இருக்க வேணாம்.”

மறுமுனையில் சேகர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “எத்தன தடவ சொன்னேன் அக்கா?”

“சொன்ன. நீ சொன்னது சரிதான். அப்புறமா திட்டு. அவங்கள அனுப்பிட்டு பேக்ஹோவ எடுத்துட்டு வா.”

வந்தார். முகம் கல்லாக இருந்தது. நேராக அணையின் நடுவில் போய் நிற்கப் பார்த்தார். “ஒரே வெட்டு வெட்டி விட்டுர்றேன், போகட்டும்.”

“நடுவுல வெட்டினா மொத்தமும் ஒரேயடியா உங்க வீட்டு மேலதான் போகும்,” என்றார் அக்கா. கையை ஓரமாகக் காட்டினார் – அணை முடிந்து மலைச்சரிவு தொடங்கும் இடம். “இங்க வெட்டு. இது கெட்டித் தரை, கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். கீழ ரோட்டோர லோங்காங் கால்வாய்க்குப் போயிரும்.”

சேகர் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த வழியில்தான் அக்காவின் தோட்டம் இருந்தது. கன்று வைத்து வளர்த்த ரம்புத்தான், வாழை, அந்த ஆண்டுதான் முதல் காய்ப்பைக் காட்டியிருந்த டுரியான் மரங்கள்.

“அக்கா... தோட்டம் போயிருமே.”

“தோட்டத்துல யாரும் தூங்கல சேகர். வெட்டு.”

வெட்டினார்.

தண்ணீர் தோட்டத்துக்குள் இறங்கியது. வாழைகள் சாய்ந்தன. டுரியான் மரம் ஒன்று, வேரடி மண் கரைந்து மெதுவாகப் படுத்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அணையின் அடியில் நின்று, முன்பே வாங்கி வைத்திருந்த சரளைக்கல் மூட்டைகளைக் கசிவின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடியும், மண் தங்கும். அதுவும் என்ஜினியர் சொல்லிக்கொடுத்ததுதான். நான் மூட்டை தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஆட்கள் குரல். மேட்டுக்குப் போகச் சொன்ன கீழ்வீட்டுக்காரர்களில் பலர், பிள்ளைகளையும் வயதானவர்களையும் மேலே விட்டுவிட்டு, சாக்கும் மண்வெட்டியுமாக வந்து நின்றார்கள்.

பிற்பகலில் மழை விட்டது. கசிவு குறைந்தது, பிறகு தெளிந்தது. அணை நின்றது. கீழே சேகர் வீட்டு வாசலில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர்.

அடுத்த வாரம் அக்கா சேகரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் இருந்தேன்.

“குளத்த வடிச்சு, அணைய எடுத்துரலாம்னு இருக்கேன். உன் பிள்ளைங்க பயந்துகிட்டு படுக்கிற மாதிரி எனக்கு ஒரு குளம் வேணாம்.”

சொல்லும்போது குரல் கொஞ்சமும் உடையவில்லை. ஆனால் டீ கப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அக்கா வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்த ஒரு குளம்தான்.

சேகர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“வேணாம் லா அக்கா. அந்தக் கொக்கு காலைல என் வீட்டுக் கூரையிலதான் வந்து உக்காரும். டீ குடிக்கிறப்ப அதத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். இந்த வாரம் வரல. ஒரு மாதிரியா இருக்கு.”

பிறகு அணைப் பக்கம் கையைக் காட்டினார். “வெட்டின இடத்துல அகலமா கல்லு பதிச்சு வழி போட்ரலாம். தண்ணி எப்பவும் இப்ப நிக்கிற மட்டத்துக்கு மேல ஏறாது. நான் செஞ்சு தரேன்.”

என்ஜினியர் வரைந்து கொடுத்தபடி செய்தும் கொடுத்தார். அரித்த இடத்தைத் தோண்டி, களிமண் போட்டு மிதித்து இறுக்கினார்கள். குளம் முன்பைவிடச் சிறியதாகிவிட்டது. போயிற்று, பாதி அழகு போயிற்று என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நடந்தது வேறு. மட்டம் இறங்கியதும் கரையோரமெல்லாம் ஆழமில்லாத சேறும் புல்லுமாக மாறியது. முன்பு எட்டிக்கூடப் பார்க்காத சீழ்க்கைச் சிறகி வாத்துகள் கூட்டமாக இறங்கின. செந்நாரை திரும்பி வந்தது. ஒருநாள் காலை அக்கா போன் செய்து, ஒன்றும் பேசாமல் போனைக் குளத்தின் பக்கம் நீட்டினார். கீச் கீச்சென்று சிறுபிள்ளைகள் சண்டை போடுவதுபோல ஒரு சத்தம்.

“நீர்நாய்டா. குட்டிங்களோட,” என்றார். அக்கா அழுது நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

இப்போது விடுமுறை நாட்களில் ஆட்கள் வருகிறார்கள். அக்கா சமையலறையில் இருந்தால் சேகர்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார். சத்தம் போடக்கூடாது, அணைமேல் ஏறக்கூடாது, பிளாஸ்டிக் போடக்கூடாது – அவர் போடும் கட்டளைகளைக் கேட்டால் அக்காவே பரவாயில்லை என்று தோன்றும்.

போன முறை நான் போயிருந்தபோதும் சேகர் அப்படித்தான் ஒரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “பாருங்க, இது நம்ம குளம். இது நம்ம அணை.”

நிலப் பத்திரத்தில் அக்கா பெயர் மட்டும்தான் இருக்கிறது. அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார், காதில் விழுந்தது. அவர் திருத்தவில்லை.