ராஜாக்கள் இல்லாத குடில்

மூன்று வருடத்துக்கு முன்னால், மதுரை தல்லாகுளத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு நாங்கள் மாறிவந்த வருடம் இது நடந்தது.

பிள்ளைகளே, கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீடுகளில், இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் குடிலாக அமைப்போம். அதில் வைக்கிற சொரூபங்களை, அந்தச் சின்னச் சிலைகளைச் சேர்ப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. வருடத்துக்கு ஒன்றாகப் பார்த்துப் பார்த்து வாங்குவேன். குழந்தையைப் பார்க்க ஒட்டகத்தில் வரும் மூன்று ராஜாக்கள்மேல் எனக்கு உயிர். முழங்கை உயரம் இருப்பார்கள். புது வீட்டில் இடமில்லை என்று அவசரப்பட்டு, திருவாதவூர்க்காரர் ஒருவருக்கு அவர்களை விற்றுவிட்டேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

டிசம்பரில் சொரூபப் பெட்டியைத் திறந்தவள், "ராஜாக்கள எங்கப்பா காணோம்?" என்றாள். எங்கள் பங்குக் கோவிலான சர்ச்சிலிருந்து வீடு வீடாகக் குடில் பார்க்க வரும் நேரம் வேறு.

எப்படியாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று திருவாதவூருக்குப் போனேன். அங்கே அதற்குள் குடில் போட்டாகிவிட்டது. முன்வரிசையில் என் ராஜாக்கள்.

"வாங்கண்ணே! உங்க ராஜாக்களப் பாக்கத்தான் ஊரே இங்க கெடக்கு. இம்புட்டு அழகு யாரு வீட்டுல இருக்கு?" என்று காபி கொடுத்தார் அவர். அவர்களைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். களிமண் வாங்கித் தரச் சொன்னாள். அவளே மூன்று பொம்மைகள் செய்தாள். மல்லிகைப்பூக் கூடையோடு ஓர் அக்கா, டீ கேனோடு ஓர் அண்ணன், காக்கிச் சட்டையில் ஓர் ஆட்டோக்காரர். எல்லாரும் எங்கள் தெருப்பக்கம் தினமும் பார்க்கிறவர்கள்தான். ஆட்டோக்காரருக்கு மட்டும் ஒரு காது பெரிதாகிவிட்டது.

கோவில் ஆட்கள் வந்தபோது, நான் கூச்சத்தில் கதவோரம் ஒதுங்கி நின்றேன். ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். "என்னத்தா, ராஜாக்களக் காணோம், ஆட்டோக்காரரு நிக்கிறாரு? சவாரி ஏத்த வந்தாரா?"

அவள் அசரவில்லை. "ராஜாக்க தூரத்துல இருந்துல்ல வரணும்? ஒட்டகத்துல வர நாளாகும் தாத்தா. இவுக பக்கத்துத் தெரு. பிள்ள பொறந்துருக்குன்னு கேட்டதும் மொத ஆளா ஓடியாந்துட்டாக."

பெரியவர் கேலியை விட்டுவிட்டு, அவள் தலையில் கைவைத்தார். நான் கதவோரத்திலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு, அந்த ஆட்டோக்கார அண்ணனே தன் பொம்மையைப் பார்க்க வந்து, தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்!

ராஜாக்களை விற்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனால் அவர்களைச் சுற்றிவைத்த அதே துணியில்தான் இந்த மூவரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "எம் மக செஞ்சது" என்று முதலில் எடுத்துக் காட்டுவதும் இவர்களைத்தான்.