சிவப்புப் பூ வந்த வியாழக்கிழமை

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. நாட்குறிப்பில் அன்று ஒரே வரிதான் எழுத முடிந்தது: "தாயே, இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்." அதற்கு அம்மன் சொன்ன பதிலை, அவளை நம்பும் உங்களுக்கு எழுதுகிறேன்.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான். அதையும் நான் அளந்து கொடுப்பேன். என் சிறுநீரகம் பொருந்தவில்லை. அவர் தங்கைக்குச் சர்க்கரை நோய். மிச்சம் என் மாமனார் ஒருவர்தான். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் தனியாக இருந்தார். தெலுங்கு பேசும் வீட்டுப் பெண்ணான என்னை மணந்ததற்காக மகனோடு பத்தொன்பது வருடமாகப் பேசாதவர்.

"செத்தாலும் அவர்கிட்டக் கேக்காதே" என்று கணவர் சொல்லிவிட்டார்.

நான் அவரிடம் கேட்கவில்லை. அவர்கள் குலதெய்வத்திடம் கேட்டேன். அந்தக் கோயிலுக்குள் என்னை ஒருநாளும் விட்டதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு விளக்கின் முன் நின்று காலையும் மாலையும் கேட்டேன்.

நாற்பத்தோராம் நாள் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அப்பாகிட்ட நான் சொல்லிப்போட்டேனுங்க. கிட்னி குடுக்கலாமான்னு வியாழக்கிழமை கோயல்ல பூக்கேக்கறாராம்."

வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் பாதத்தில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு; சிவப்பு வந்தால் கூடாது. என் பிறந்த வீட்டில் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன்.

வியாழக்கிழமை கணவரிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். கோயில் வாசலுக்கு வெளியே நின்றேன். மாமனாரின் முதுகு மட்டும் தெரிந்தது. பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மூன்று நாள் விளக்கேற்றவில்லை. அம்மனோடு நான் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த மூன்று நாள்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாமனார் வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை.

"ஏனம்மணி, கோயலு வரைக்கும் வந்துபோட்டு, நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டே?"

"சிவப்பு வந்துதுங்களே, மாமா."

"நம்மூட்டுக்குச் சிவப்புதானே உத்தரவு. மாட்டை ஆள்கிட்ட ஒப்படைச்சுப்போட்டு வர மூணு நாளாயிருச்சு. பத்தொம்பது வருசமா மருமகளா இருக்கறே, இதுகூடத் தெரியாதா?"

"உள்ள உட்டிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க."

அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். "அதுஞ் செரிதான்" என்றார்.

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாமனார் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "எந்தப் பக்கத்துக் கிட்னியை எடுப்பாங்க, கண்ணு?"

"எதுக்குங்க?"

"அந்தப் பக்கமாப் படுக்கக் கூடாதல்லோ. இப்பவே பழகோணும்."

கணவர் சிரித்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எவ்வளவு நேரம் என்று நான் குறித்துவைக்கவில்லை.

அறுபத்தேழு வயதுக்காரரிடம் எடுக்கலாமா என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, எடுக்கலாம் என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு பதினான்கு மாதம். கணவர் மறுபடி பட்டறைக்குப் போகிறார். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். டிவி ரிமோட்டுக்காக அவரும், அவரை அப்பாரு என்று கூப்பிடும் என் மகளும் தினமும் சண்டை போடுகிறார்கள். போன தை மாதம் அந்தக் கோயிலுக்குள் நின்று என் கையால் பொங்கல் வைத்தேன்.

நான் கணவரின் உயிரைத்தான் கேட்டேன். பிரிந்திருந்த ஒரு குடும்பத்தையும் அம்மன் சேர்த்துக் கொடுத்தாள். அவள் சரி என்று சொன்ன பிறகு மூன்று நாள் அழுதவள் நான். அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் துன்பத்தையும் அவளிடம் சொல்லுங்கள். இல்லை என்பதுபோல் தெரிந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். நின்று, என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழுங்கள். பெரும்பாலும் அழ வேண்டியிருக்காது.